லாவோஸ் மண்ணில் இன்னும் கிடக்கும் போர்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. நண்பர்கள் கேட்டதால் எழுதிப் போடுகிறேன்.)

விழாத் தலைவர் பேராசிரியர் ஐயா அவர்களே, சற்று முன் அழகாக வாழ்த்துரை வழங்கிய தலைமையாசிரியர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய சுபேதார் ஐயா அவர்களே, வகுப்பு முடிந்து தோளில் பையோடு நேரே வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். இந்தத் தலைப்பை என்னிடம் கொடுத்தவர் பேராசிரியர் ஐயாதான், அவருக்கு என் முதல் நன்றி. எல்லையில் நின்ற சுபேதார் ஐயாவை எதிரே வைத்துக்கொண்டு போரைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. ஆனால் கூட்டத்துக்கு முன் என் கையைப் பிடித்து, "தைரியமா பேசுங்க, போர் வேண்டாம்னு எங்களைவிட யாருக்குத் தெரியும்" என்றார். அவருக்கும் நன்றி.

வியட்நாம் போரைப் பற்றி மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஏன் தொடங்கியது, என்ன விலை கொடுத்தார்கள், எப்படி முடிந்தது.

என் பாட்டி அடிக்கடி சொல்லும் பழமொழி, ஆழம் தெரியாமல் காலை விடாதே. ஒரு வல்லரசு இதைக் கேட்கவில்லை. 1954 மே மாதம் வியட்நாமை ஆண்டுவந்த பிரெஞ்சுக்காரர்களின் படை தியென் பியென் பூவில் ஹோ சி மின்னின் படையிடம் சரணடைந்தபோதே ஆழம் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் போரின் கடைசிக் காலத்தில் செலவில் பெரும்பகுதியைக் கொடுத்தது அமெரிக்காதான். அடுத்து ஜெனீவா உடன்பாடு வந்தது, 17ஆவது அட்சரேகையில் நாட்டை இரண்டாகப் பிரித்தார்கள், 1956இல் தேர்தல் நடத்தி ஒன்றாக்குவது என்றார்கள். தேர்தல் நடக்கவே இல்லை. நடந்தால் வடக்கை ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின் ஜெயித்துவிடுவார் என்ற பயம். ஒரு நாடு கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனால் அடுத்தடுத்த நாடுகளும் வரிசையாகச் சாயும் என்று அப்போதைய அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் சொன்னதை வாஷிங்டனில் வேதவாக்காகவே எடுத்துக்கொண்டார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் சீனாவை எதிர்த்து நின்ற மக்கள் யாருக்கும் கைப்பாவையாக இருப்பார்களா என்று யோசிக்கவில்லை. எனக்குத் தெரிந்து இந்தப் போரின் முதல் காரணம் இந்த அறியாமைதான்.

அப்புறம் 1964 ஆகஸ்டு. வட வியட்நாம் கரையை ஒட்டிய டோன்கின் வளைகுடாவில் தங்கள் கப்பல்கள் மீது வட வியட்நாம் இரண்டு முறை தாக்குதல் நடத்தியது என்றது அமெரிக்கா. முதல் தாக்குதல் நடந்தது உண்மை. ஆகஸ்டு 4ஆம் தேதி நடந்ததாகச் சொன்ன இரண்டாவது நடக்கவே இல்லை என்பது பின்னால் உறுதியானது. ஆனால் அதைக் காட்டித்தான் மூன்றே நாளில் அதிபர் ஜான்சனுக்குப் போர் நடத்தும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். செனட்டில் எதிர்த்து வாக்களித்தவர்கள் வேய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங், இரண்டே பேர். அந்த இரண்டு பெயரையும் மாணவர்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1965 மார்ச்சில் தென் வியட்நாமின் தா நாங் கரையில் அமெரிக்க மரைன் படை இறங்கியது. நான்கே ஆண்டில் 5 லட்சத்து 40 ஆயிரம் பேர். ஆழம் தெரியாமல் காலை விட்டாச்சு.

சரி, விலை. அமெரிக்கத் தரப்பில் இறந்தவர்கள் 58,000க்கும் மேல், அவர்கள் பெயர்கள் வாஷிங்டனில் கருப்புக் கல் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வியட்நாமியர்கள் லட்சக்கணக்கில், பொதுமக்களையும் சேர்த்து 30 லட்சம் என்கிறது வியட்நாம் அரசு. அவ்வளவு பெயர்களை எழுத எத்தனை நீளச் சுவர் வேண்டும்?

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியே ஆக வேண்டும். 1968 மார்ச் 16, தென் வியட்நாமில் மை லாய் என்ற கிராமம். ஹியூ தாம்ப்சன் என்ற 24 வயது அமெரிக்க ஹெலிகாப்டர் ஓட்டி, கூட கிளென் ஆண்ட்ரியோட்டா, லாரன்ஸ் கோல்பர்ன் என்று இரண்டு பேர். கீழே காயம்பட்டுக் கிடக்கும் கிராமத்து மக்களைப் பார்க்கிறார். உதவி வரட்டும் என்று அந்த இடத்தில் பச்சைப் புகை போட்டு அடையாளம் வைக்கிறார். ஒரு சுற்று போய்விட்டுத் திரும்பி வந்தால் அவர்கள் பிணமாகக் கிடக்கிறார்கள். கொன்றது யார் என்று முதலில் அவருக்குப் புரியவில்லை. வாய்க்கால் நிறையப் பிணங்கள், பெண்கள், கைக்குழந்தைகள். அப்புறம் புரிகிறது, தன் சொந்தப் படை. அந்த நேரம் ஒரு பதுங்குகுழியை நோக்கிச் சில பேர் ஓடுகிறார்கள், பின்னால் துப்பாக்கியோடு அமெரிக்கச் சிப்பாய்கள். தாம்ப்சன் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு தரப்புக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கினார். இவர்கள் அந்த மக்களைச் சுட்டால் நீங்கள் இவர்களைச் சுடுங்கள் என்று தன் இரண்டு கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். குழிக்குள் இருந்தவர்களைக் கையசைத்து வெளியே கூப்பிட்டு, வேறு ஹெலிகாப்டர்களை வரவழைத்து ஏற்றி அனுப்பினார். ஆண்ட்ரியோட்டா அந்த வாய்க்காலுக்குள் இறங்கிப் பிணங்களுக்கு நடுவிலிருந்து உயிரோடு ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்று மட்டும் அங்கே கொல்லப்பட்டவர்கள் 504 பேர் என்று வியட்நாம் நினைவிடத்தில் எழுதியிருக்கிறது. உண்மையைச் சொன்ன தாம்ப்சனை ஊரே துரோகி என்றது. மிரட்டல்கள் வந்தன, வீட்டு வாசலில் செத்த விலங்குகளைப் போட்டார்கள். பதக்கம் வந்தது 1998இல், முப்பது வருடம் கழித்து. ஆண்ட்ரியோட்டா அதைப் பார்க்க உயிரோடு இல்லை, மை லாய் நடந்து சுமார் மூன்று வாரத்திலேயே போரில் இறந்துவிட்டார். ஆழம் தெரிந்தே காலை விட்டவர்கள் இந்த மூன்று பேர்தான் என்று நான் சொல்வேன்.

தாம்ப்சனால் துப்பாக்கிக்கு நடுவில் நிற்க முடிந்தது. வானத்தில் உயரத்திலிருந்து விழும் குண்டுக்கும் குழந்தைக்கும் நடுவில் யார் நிற்பது? ஐம்பது வருடம் கழித்து வெடிக்கிற குண்டுக்கு?

இதைச் சொல்லத்தான் வந்தேன். பக்கத்து நாடான லாவோஸ் இந்தப் போரில் நடுநிலை நாடு, 1962இல் ஒப்பந்தமே போட்டார்கள். ஆனால் வட வியட்நாம் தெற்கே ஆளும் ஆயுதமும் அனுப்பிய ஹோ சி மின் பாதை அந்த நாட்டுக் காடு வழியாகப் போனதால் 1964 முதல் 1973 வரை 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டார்கள், பெரும்பாலும் அமெரிக்க மக்களுக்கே தெரியாமல். அதில் கொத்துக்குண்டுகள் உண்டு. நடுவானில் உறை திறந்து நூற்றுக்கணக்கில் சிறு குண்டுகள் சிதறும், பந்து அளவு. அப்படி விழுந்தவை 27 கோடி. மூன்றில் ஒரு பங்கு வரை வெடிக்காமல் மண்ணில் புதைந்தன. லாவோஸ் மக்கள் அதை 'பாம்பி' என்கிறார்கள். வயலில் மண்வெட்டி பட்டால் வெடிக்கும், மேலே அடுப்பு மூட்டினால் வெடிக்கும், பந்து என்று பிள்ளை எடுத்தால் வெடிக்கும். போர் முடிந்த பிறகு மட்டும் 20,000 பேருக்கு மேல் இறந்தோ ஊனமாகியோ இருக்கிறார்கள். 2016இல் அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமா லாவோஸ் தலைநகர் வியஞ்சானுக்குப் போய், குண்டுகளை அகற்ற 9 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். நல்லதுதான், ஆனால் குண்டு போட்டு முடித்து 43 வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு வயலாகக் கருவியை வைத்து, அடி அடியாகத் தேடி எடுக்க வேண்டிய வேலை அது.

கொத்துக்குண்டுகளைத் தடை செய்யும் ஒப்பந்தம் 2008இல் ஆஸ்லோவில் கையெழுத்தாகி, 2010 ஆகஸ்டு 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 100க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துவிட்டன. லாவோஸ் சேர்ந்தது, இலங்கை 2018இல் சேர்ந்தது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா சேரவில்லை. இந்தியாவும் சேரவில்லை. 1954 ஜெனீவா உடன்பாட்டைக் கண்காணிக்கும் குழுவுக்குத் தலைமை வகித்த நாடு நம் நாடு, நாம் வெளியே நிற்கலாமா? உள்ளே இருந்த லித்துவேனியாவும் 2025 மார்ச்சில் வெளியேறிவிட்டது. ஒரு நாடு வெளியேறினால் இன்னொரு நாடு துணிந்து உள்ளே வர வேண்டும், அது நாமாக இருக்கட்டும்.

எல்லையில் ஆபத்து இருக்கும்போது ஆயுதத்தை விட முடியுமா என்று கேட்பார்கள். எல்லா ஆயுதத்தையும் விடச் சொல்லவில்லை. போர் முடிந்த பிறகும், எதிரியின் பேரப்பிள்ளையையும் நம் பேரப்பிள்ளையையும் வித்தியாசம் தெரியாமல் கொல்லும் இந்த ஒன்றை மட்டும் விடச் சொல்கிறேன். இங்கேயும் அதே பழமொழிதான், ஆழம் தெரியாமல் காலை விடாதே. வெடிக்காத குண்டு எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது என்று லாவோஸ் விவசாயிக்கு எப்படித் தெரியும்?

போர் எப்படி முடிந்தது என்ற மூன்றாவது விஷயத்துக்கு நேரம் இல்லை, தலைவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார். அமெரிக்கப் படை வெளியேற வழிசெய்த பாரிஸ் உடன்பாடு 1973, தென் வியட்நாம் தலைநகர் சைகோன் வீழ்ந்தது 1975 ஏப்ரல் 30, இன்னொரு நாள் விரிவாகப் பேசுவோம். வாசலில் இடப்பக்க மேசையில் ஒரு கடிதம் இருக்கிறது. இந்த ஒப்பந்தத்தில் இந்தியா சேர வேண்டும் என்று வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதியது, ஒரே பக்கம். படித்துப் பார்த்துவிட்டு, சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள். முதல் கையெழுத்து சுபேதார் ஐயா போட்டிருக்கிறார். நன்றி, வணக்கம்.