பெண்களின் வரலாற்றுக்கு ஓர் அருங்காட்சியகம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் உள்ள அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு மேசை இருக்கிறது. 1938ஆம் ஆண்டின் இறுதியில், யுரேனியத்தின் அணுக்கரு பிளவுபடுவதைக் கண்டறிய உதவிய கருவிகள் அதன்மேல் வைக்கப்பட்டிருக்கின்றன. பல பத்தாண்டுகள் அது ‘ஓட்டோ ஹானின் பணிமேசை’ என்ற குறிப்போடுதான் காட்சியில் இருந்தது. அந்த ஆய்வில் வேதியியலாளர் ஹானோடு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உழைத்தவர் இயற்பியலாளர் லீசா மைட்னர். நாஜி ஆட்சியிடமிருந்து உயிர்பிழைக்க, கண்டுபிடிப்புக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். சோதனையில் நடந்தது என்ன என்பதற்கு இயற்பியல் விளக்கம் தந்தவர்களும் அவரும் அவருடைய சகோதரியின் மகன் ஓட்டோ ஃபிரிஷும்தான். 1944ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசோ ஹான் ஒருவருக்கே போனது. மேசை பத்திரமாகத்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மைட்னரைத்தான் யாரும் பார்க்க முடியவில்லை.

பெண்களின் வரலாற்றுக்குத் தனி அருங்காட்சியகம் வேண்டும் என்று பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். இருக்கிற அருங்காட்சியகங்களிலேயே பெண்களையும் சேர்த்துவிட்டால் போதாதா? சேர்க்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் விடுபட்ட பெயரைத் தேடிப் பிடிக்க, அதையே முழுநேரப் பணியாகக் கொண்ட ஆட்கள் வேண்டும். அவர்களுக்குச் சம்பளம், ஆவண அறை, ஆராய்ச்சிக்கான அவகாசம் எல்லாம் வேண்டும். வேறு நோக்கத்துக்காகச் சேகரித்த ஒரு நிறுவனத்தின் கிடங்கில் பெண்களின் பொருள்கள் எளிதில் வந்து சேர்வதில்லை. போர்வாளைப் பேணி வைப்பார்கள். பிரசவம் பார்த்தவளின் கத்தரிக்கோல் தேய்ந்ததும் குப்பைக்குப் போய்விடும்.

வியட்நாமின் ஹனோய் நகரில் 1987இல் நிறுவப்பட்டு 1995இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பெண்கள் அருங்காட்சியகம் இதற்கு நல்ல சான்று. போரில் ஈடுபட்ட பெண்களுக்கு அங்கே பெரிய இடம் உண்டு. திருமணமும் மகப்பேறும் விவசாய வேலையும் கூட அங்கே வரலாறுதான். தோள்கழியில் கூடைகளைத் தொங்கவிட்டு நகரத்துத் தெருக்களில் விற்கும் பெண்களின் வாழ்க்கையையும் அவர்கள் காட்சிக்கு வைத்தார்கள். வீரப் பெண்மணிகளின் படவரிசையாக மட்டும் சுருங்கிவிடாத இந்தத் துணிவுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

இப்படி ஓர் இடத்தை உருவாக்குவது நெடிய வேலை. அமெரிக்காவில் வரலாற்றாசிரியர் மேரி பியர்ட் 1935இல் பெண்களுக்கான உலக ஆவணக் காப்பகம் ஒன்றை உருவாக்க முனைந்தார். கடிதங்கள், நாட்குறிப்புகள், சங்கப் பதிவேடுகள் ஆகியவற்றைத் தேடித் தேடிக் கேட்டு வாங்கினார்கள். பணம் போதவில்லை, 1940இல் மூட நேர்ந்தது. அந்த முயற்சி எழுப்பிய ஆர்வம் மட்டும் ஓயவில்லை. 1943இல் ராட்கிளிஃப் கல்லூரியில் தொடங்கிய பெண்ணுரிமைச் சேகரிப்பு, ஷ்லெசிங்கர் நூலகமாக வளர்ந்து இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது.

அதே நாட்டின் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒரு சிலை உண்டு. வாக்குரிமைக்காகப் போராடிய லுக்ரீஷியா மாட், எலிசபெத் கேடி ஸ்டாண்டன், சூசன் பி. அந்தோணி மூவரையும் ஒரே பளிங்கில் வடித்தது. 1921 பிப்ரவரியில் குவிமாடத்தின் அடியிலுள்ள நடுமண்டபத்தில் திறந்துவைத்தார்கள். விரைவிலேயே கீழ்த்தளத்துக்கு இறக்கிவிட்டார்கள். மீண்டும் மேலே வர 1997 ஆகிவிட்டது. அதை நகர்த்தும் செலவுக்கும் பெண்கள் பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. அப்போது இன்னொரு கேள்வியும் எழுந்தது: அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுப் போராளியான கறுப்பினப் பெண் சோஜர்னர் ட்ரூத் எங்கே? அவருடைய மார்பளவுச் சிலை 2009இல்தான் அந்த வளாகத்துக்குள் வந்தது. பெண்களின் வரலாற்றுக்குள்ளும் சிலர் மறைக்கப்பட்டார்கள். புதிய அருங்காட்சியகம் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மைட்னருக்கு நேர்ந்ததை அதுவே இன்னொருத்திக்குச் செய்யும்.

அமெரிக்காவில் பல தேசிய அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனம் பெண்கள் வரலாற்று அருங்காட்சியகம் அமைக்க 2020 டிசம்பரில் சட்டம் வந்தது. கட்டுமானச் செலவில் பாதியை அரசும் மறுபாதியைத் தனியார் நன்கொடைகளும் ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு. வாஷிங்டனில் அவர்கள் விரும்பிய நிலத்துக்கோ தனியாக இன்னோர் ஒப்புதல் தேவைப்பட்டது. சட்டம் நிறைவேறிய நாளில் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மக்கள் விழிப்பாக இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். லண்டனின் கிழக்குப் பகுதியில் பெண்கள் வரலாற்று அருங்காட்சியகம் என்று சொல்லி ஒரு கட்டடத்துக்கு அனுமதி வாங்கினார்கள். 2015இல் திறந்தபோது, அது 19ஆம் நூற்றாண்டில் பெண்களைக் கொன்ற ஒரு கொலைகாரனைப் பற்றிய காட்சிக்கூடமாக இருந்தது. கொதித்துப்போன பெண்கள் எதிர்ப்போடு நிற்கவில்லை. அந்தப் பகுதிப் பெண்களுக்கான உண்மையான அருங்காட்சியகத்தைத் தாங்களே உருவாக்க இறங்கினார்கள்.

ஆகவே நேயர்களே, இப்படியோர் அருங்காட்சியகத்துக்குப் பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுங்கள். உங்கள் மக்கள் பிரதிநிதிக்கு எழுதுங்கள். கட்டடம் பிறகு எழும்பட்டும், சேகரிப்பு காத்திருக்காது. உங்கள் வீட்டில் பாட்டியின் கணக்கு நோட்டு, அம்மாவின் வேலை நியமன உத்தரவு, மகளிர் சங்கத்தின் கூட்டக் குறிப்பேடு எதுவாயினும் வீசிவிடாதீர்கள். லேமினேஷன் செய்யாதீர்கள், ஒட்டும் டேப் போடாதீர்கள், இரும்பு கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். புகைப்படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், யார் யார் என்று எழுதுங்கள்: இன்னாரின் மனைவி என்று நிறுத்தாமல் அவருடைய சொந்தப் பெயர், ஊர், செய்த வேலை, தெரிந்தால் ஆண்டு. அதைச் சொல்லக்கூடிய முதியவர் இன்னும் உங்களோடு இருந்தால், இந்த வாரமே அவரிடம் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.