குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரோபோ படம்

நேயர்களுக்கு வணக்கம்.

குப்பையைப் பற்றி எடுத்த ஒரு படத்தைக் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் போட்டுக் காட்டினால் என்ன ஆகும்? சண்டைதான் ஆகும். நல்ல சண்டை. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

படத்தின் பெயர் ‘வால்-ஈ’. 2008-ல் பிக்ஸார் நிறுவனம் எடுத்த அனிமேஷன் படம், இயக்கியவர் ஆண்ட்ரூ ஸ்டான்டன். பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இன்றிலிருந்து ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள் கழித்து நடக்கிற கதை. பூமி முழுக்கக் குப்பை. ‘பை என் லார்ஜ்’ என்று ஒரு பெரிய கம்பெனி, கடையும் அதுதான், அரசாங்கமும் அதுதான். அது ஜனங்களைக் கப்பல்களில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பிவிட்டது. ‘ஐந்து வருஷம் உல்லாசமாகச் சுற்றிவிட்டு வாருங்கள், அதற்குள் எங்கள் ரோபோக்கள் சுத்தம் செய்துவிடும்’ என்று சொல்லி அனுப்பியது. ஐந்து வருஷம் எழுநூறு வருஷமாகிவிட்டது. எல்லா ரோபோக்களும் செத்துப்போய், ஒன்று மட்டும் இன்னும் குப்பையை அள்ளி, வயிற்றுக்குள் வைத்து அழுத்தி, கட்டி கட்டியாக அடுக்கிக்கொண்டிருக்கிறது. அதுதான் கதாநாயகன். வானத்திலிருந்து ஈவ் என்ற இன்னொரு ரோபோ வருகிறது, ஒரு செடி கிடைக்கிறது, கப்பலுக்குப் போகிறார்கள். அங்கே மனிதர்கள் மிதக்கும் நாற்காலியில் சாய்ந்தபடி, முகத்துக்கு நேரே திரையைப் பார்த்துக்கொண்டு, சாப்பாட்டையும் கோப்பையில் உறிஞ்சிக் குடித்துக்கொண்டு, நடக்கவே மறந்து குண்டாக இருக்கிறார்கள். கடைசியில் பூமிக்குத் திரும்புகிறார்கள்.

படம் வந்தபோதே உலகத்தில் இரண்டு கட்சி உண்டு. விமர்சகர்களில் பெரும்பாலானோர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர் சங்கம் அந்த ஆண்டின் சிறந்த படமாகவே இதைத் தேர்ந்தெடுத்தது. அனிமேஷன் பிரிவில் என்று தனியாகச் சொல்லாமல், மொத்தத்தில் சிறந்த படம் என்று. 2009-ல் ஆஸ்கரும் வந்தது. இன்னொரு பக்கம், குழந்தைகளைக் கூட்டிப் போய் உட்காரவைத்துவிட்டு இது என்ன உபதேசம் என்று கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். குண்டாக இருப்பவர்களைக் கேலி செய்கிறது என்றார்கள். முதல் நாற்பது நிமிடம் யாரும் ஒழுங்காக ஒரு வசனம் பேசவில்லையே, பிள்ளைகள் எப்படிப் பொறுப்பார்கள் என்றார்கள். பொருளை வாங்கிக் குவிக்காதே என்று சொல்லும் படத்தின் பெயரிலேயே டிஸ்னி பொம்மை விற்கிறதே என்றும் கேட்டார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. நியாயமான கேள்வி.

இதெல்லாம் அமெரிக்கச் சண்டை. நம் சண்டை வேறு.

வடசென்னை வியாசர்பாடியில் நாங்கள் சிலர் சேர்ந்து இரவுப் பாடசாலை நடத்துகிறோம். அவ்வப்போது மொட்டை மாடியில் திரை கட்டிப் படம் போடுவது வழக்கம். பிள்ளைகளோடு பெற்றவர்களும் வருவார்கள், பாட்டிகளும் வருவார்கள். காற்று வடக்கேயிருந்து அடித்தால் கொடுங்கையூர் வாசனையும் வரும். இந்தப் படத்துக்கு அந்த வாசனை டிக்கெட் இல்லாத தனி எஃபெக்ட்.

கொடுங்கையூர் தெரியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. வடசென்னை மண்டலங்களின் குப்பை பல பத்தாண்டுகளாகப் போய்ச் சேருகிற இடம் அது. முந்நூறு ஏக்கருக்கும் மேல். அங்கே தேங்கிக் கிடக்கும் பழைய குப்பை மட்டும் சுமார் 66 லட்சம் டன் என்று கணக்கு. அதைத் தோண்டிச் சலித்து, மண் தனி, கல் தனி, எரிக்கக்கூடிய பிளாஸ்டிக் தனி என்று பிரிக்கும் பயோமைனிங் வேலை சுமார் 640 கோடி ரூபாய்த் திட்டமாக நடக்கிறது. கோடையில் மேடு தீப்பிடித்தால் புகை சுற்றுவட்டாரத்துத் தெருக்களுக்குள் எல்லாம் வந்துவிடும்.

இங்கே உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்ப்பவர்களில் பலர் குப்பையைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் இல்லை. தூய்மைப் பணியாளர்கள் உண்டு. காயலாங்கடை வைத்திருப்பவர் உண்டு. கோணி எடுத்துப்போய்ப் பொறுக்கி வீட்டைக் காப்பாற்றிய அம்மாக்கள் உண்டு. முதல் விரிசல் அங்கேதான் விழுந்தது.

படத்தில் ஒரு காட்சி. ரோபோவுக்குக் குப்பையில் ஒரு சின்ன நகைப்பெட்டி கிடைக்கிறது. உள்ளே வைர மோதிரம். அது மோதிரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, மூடித் திறக்கிற பெட்டியை ஆசையாக வைத்துக்கொள்கிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் கூட்டத்திலிருந்து ஒரே அலறல். “அடப்பாவி, கல்லு வச்ச மோதிரத்தப் போய் வீசிட்டானே!” ஓர் அம்மா உண்மையாகவே கோபப்பட்டார். படம் முடியும் வரை அந்த ரோபோவை அவர் மன்னிக்கவில்லை. பிழைக்கத் தெரியாதவன் என்பது அவர் தீர்ப்பு.

காயலாங்கடைக்காரரின் புகார் தொழில் சார்ந்தது. “எல்லாத்தையும் ஒண்ணா சேத்து அழுத்திட்டா அது இன்னாத்துக்கு ஆவும்?” என்றார். இரும்பு தனி, செம்பு தனி, அட்டை தனி, பெட் பாட்டில் தனி என்று பிரித்தால்தான் காசு. அழுத்திக் கட்டு கட்டுவது அதற்கப்புறம்தான். கலந்து அழுத்திய கட்டி மறுபடியும் குப்பைதான். எழுநூறு வருஷமாக அந்த ரோபோ செய்தது வேலையே இல்லை, இடம் மாற்றி அடுக்கியதுதான் என்று அவர் சொன்னபோது என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தன் இருப்பிடத்துக்குள் அந்த ரோபோ கரண்டியைக் கரண்டியோடு, லைட்டரை லைட்டரோடு வகை வாரியாக அடுக்கி வைத்திருக்கிறது. முள்ளும் கரண்டியும் சேர்ந்த ஒரு பொருள் கிடைத்ததும் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் முழிக்கிறது. வேலை நேரத்தில் கலக்கிறது, வீட்டுக்கு வந்தால் பிரிக்கிறது. கம்பெனி கொடுத்த வேலை ஒன்று, அதுவாகக் கற்றுக்கொண்டது இன்னொன்று. அந்தக் காட்சியை எடுத்துச் சொன்னதும் காயலாங்கடைக்காரர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

இன்னொரு அம்மாவின் கேள்வி இன்னும் கூர்மை. “இம்மாம் குப்பையில ஒரு ஈ கூட இல்லியே?” படத்தில் உயிருள்ளதாகப் பூமியில் வருவது ஒரு கரப்பான்பூச்சி, அப்புறம் அந்தச் செடி. நாற்றம் இல்லை, புகை இல்லை, கசிந்து ஓடும் கருப்புத் தண்ணீர் இல்லை. எழுநூறு வருஷத்தில் மக்குகிறதெல்லாம் மக்கி முடிந்திருக்கும், பிளாஸ்டிக்கும் இரும்பும்தான் மிச்சம் என்று விளக்கிப் பார்த்தேன். அவருக்கு அது சமாதானமாகப் படவில்லை. குப்பையைக் கழுவித் துடைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள் என்றார். எனக்கு அந்த விமர்சனம் மிகவும் பிடித்திருந்தது. எந்தப் பத்திரிகையிலும் நான் அதைப் படித்ததில்லை.

குப்பை அப்படிக் கழுவித் துடைத்ததுபோல் இருப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. இந்தக் கதையின் விதை 1994-ல் ஒரு மதியச் சாப்பாட்டின்போது பிக்ஸார் ஆட்கள் பேசிக்கொண்ட ஒரு யோசனை. மனிதர்கள் எல்லாரும் பூமியை விட்டுப் போய்விட்டார்கள், கடைசி ரோபோவை அணைக்க மறந்துவிட்டார்கள் என்றால் எப்படி இருக்கும்? தனிமைதான் ஸ்டான்டனுக்கு முக்கியம். குப்பை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. சுற்றுச்சூழல் பிரசாரம் செய்ய அவர் கிளம்பவில்லை. ஆக, உபதேசம் என்று திட்டியவர்களும் சரியாகத் திட்டவில்லை, சுற்றுச்சூழல் காவியம் என்று புகழ்ந்தவர்களும் சரியாகப் புகழவில்லை என்பது என் எண்ணம். அவருக்குப் பின்னணித் திரையாக இருந்த குப்பை, எங்கள் மொட்டை மாடியில் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

பேச்சில்லாத நாற்பது நிமிடத்தைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தேன். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கத்து ரசிகர்களை உங்களுக்குத் தெரியும். அகஸ்தியா தியேட்டர் இருந்த காலத்தில் டைட்டிலுக்கே விசில் அடிக்கிறவர்கள். ஆனால் அந்தப் பகுதியில்தான் யாரும் அசையவில்லை. படக்குழு இதற்காகச் சார்லி சாப்ளின், பஸ்டர் கீட்டன் மௌனப் படங்களை நாள் தவறாமல் போட்டுப் பார்த்திருக்கிறது. ரோபோவின் ஒலிகளை உருவாக்கியவர் பென் பர்ட், ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களுக்கு ஒலி அமைத்தவர். டப்பிங் வேண்டாம், சப்டைட்டில் வேண்டாம். ஆங்கிலம் தெரிந்த பேரனும் தெரியாத பாட்டியும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். கப்பலுக்குப் போய் ஆட்கள் பேச ஆரம்பித்ததும்தான் பாட்டிகள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்கள். சின்னப் பிள்ளைகளுக்கோ கப்பல்தான் பிடித்தது. துரத்தல், மோதல், அழுக்கைக் கண்டால் பொறுக்காத குட்டி ரோபோ எம்-ஓ. எனக்குப் பாட்டிகள் கட்சிதான். பின்பாதி சாமர்த்தியமான படம், முன்பாதி பெரிய படம்.

ஆனால் பின்பாதியில்தான் பெரிய சண்டை மூண்டது, அந்த நாற்காலியால்.

மிதக்கும் நாற்காலியில் சாய்ந்திருக்கும் மனிதர்களைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். எம்.சி. ரோட்டுத் துணிக்கடை ஒன்றில் விற்பனை வேலை பார்க்கும் பெண் ஒருவர் சிரிக்கவில்லை. “காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கினே இருக்கிறவளுக்குத்தான் தெரியும் அந்தச் சேரோட அருமை” என்றார். சுற்றியிருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல்தான் சட்டத் திருத்தமே வந்தது. உட்கார்வதே உரிமையாகிச் சில வருஷங்கள்தான் ஆன ஊரில், உட்கார்ந்தே கெட்டுப்போனவர்களைக் காட்டிப் பயமுறுத்தினால் பயம் வருமா? சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடும் ஒரு பெரியவர் மட்டும் எதிர்க்கட்சி. நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதைப் படம் காட்டிவிட்டது என்றார். கொஞ்சம் பருமனான ஒரு பத்தாம் வகுப்புப் பெண் ஒன்றும் பேசவில்லை. பையன்கள் அவள் பக்கம் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். குண்டானவர்களைக் கேலி செய்கிறது என்று அமெரிக்காவில் எழுந்த புகார் அந்த நேரத்தில் எனக்கு வெறும் வாதமாகத் தெரியவில்லை. படம் காரணம் சொல்கிறது, விண்வெளியில் எலும்பு தேய்கிறது என்று. ஆனால் சிரிப்பு காரணம் கேட்டுவிட்டு வருவதில்லை.

அப்புறம் கம்பெனி. தூய்மைப் பணியாளர் ஒருவர், படம் முடிந்து நெடுநேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டார்: “சாமானை வித்தவனும் அவன்தான், குப்பை அள்ற காண்ட்ராக்டும் அவனுக்கேவா?” 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து சென்னை மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை முன்னால் பணியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்ததும், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டதும் நேயர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கேள்வி அங்கிருந்து வந்தது. இந்தப் படத்தில் துப்புரவுப் பணியாளர் என்று ஒரு மனிதர்கூட இல்லை. கம்பெனி வந்தது, ரோபோ வந்தது, முன்பு அள்ளிக்கொண்டிருந்தவர்கள் எங்கே போனார்கள்? கப்பலில் அவர்களுக்கு இடம் கிடைத்ததா? பதில் இல்லை. அந்த ரோபோவை அழகு என்று சொன்ன இளைஞர்களும், எங்கள் வேலையைப் பிடுங்குகிற மெஷினைப் பார்த்து நான் ஏன் அழவேண்டும் என்று கேட்ட பெரியவர்களும் அன்று சமாதானமாகவில்லை. ஒரு பையன் இடையில் புகுந்து, அந்தக் கப்பலும் தன் குப்பையைக் கட்டி கட்டியாக விண்வெளியில்தான் கொட்டுகிறது, கவனித்தீர்களா என்று கேட்டான். எங்களில் பாதிப் பேர் கவனிக்கவில்லை.

இந்தச் சண்டையில் ஒரு பகுதிக்கு நாங்களே காரணம். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் நம் ஊர் வழக்கப்படி பாதிப் பேர் எழுந்து மாடிப்படி இறங்கிவிட்டார்கள். ஒரு செடி முளைத்ததும் எல்லாரும் வந்து இறங்கிவிட்டார்களே, மிச்சக் குப்பையை யார் அள்ளுவது என்று கேட்டவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். பதில் அந்தப் பெயர்களுக்கு அடியில் ஓடுகிறது. குகை ஓவியத்தில் ஆரம்பித்து, எகிப்து பாணி, மொசைக், கடைசியில் வான்கோ பாணி வரை ஓவியங்களாக மனிதர்களும் ரோபோக்களும் சேர்ந்து தோண்டுகிறார்கள், நடுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், ஊர் கட்டுகிறார்கள். அந்தச் செடி மரமாகி நிற்கிறது. அப்போதும் கேள்வி முழுசாகத் தீராது, ஆனால் பாதி தீரும்.

பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ இதைப் போட நினைக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டுதான். பெயர்கள் ஓடி முடிகிற வரை விளக்கைப் போடாதீர்கள். முதலில் பிள்ளைகளிடம் கருத்துக் கேட்காதீர்கள். அவர்கள் எதைச் சொன்னால் நமக்குப் பிடிக்கும் என்று தெரிந்து சொல்வார்கள். வாசலில் நின்று பார்த்த துப்புரவு அம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அவரிடம் கேளுங்கள்.

நன்றி. வணக்கம்.