கண்ணில் படும்படி நின்று எடுங்கள்

(மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வரும் விடுமுறையில் வெளிநாடு போகக் காத்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அயல்நாட்டுத் தெருவில் முதல்முறையாகப் படம் எடுக்கப் போகிறவர் எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருவில் படம் எடுப்பவர் தூரத்தில் ஒளிந்து நின்று எடுக்கக் கூடாது. யாரை எடுக்கிறாரோ அவருடைய கண்ணில் படும்படி, பக்கத்தில் நின்று எடுக்க வேண்டும். மற்றவர்களைக் காட்டிலும் நமக்கு இது கூடுதலாகப் பொருந்தும் என்றும் நினைக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு.

சிங்கப்பூரில் 1867இல் தொடங்கப்பட்ட ஜி. ஆர். லாம்பர்ட் படநிலையம், கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரப் பயணிகளுக்கு இந்த வட்டாரத்து மக்களின் படங்களை ஆல்பம் ஆல்பமாக விற்றது. அவற்றில் நம் தமிழர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட படங்களின் அடியில் இனம் எழுதியிருக்கும், சிலவற்றில் தொழில் எழுதியிருக்கும். நிற்பவரின் பெயர் மட்டும் இருக்காது. பிறகு 1948 ஜூன் 16ஆம் தேதி, இதோ இந்த ஊருக்கு அருகிலுள்ள தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார்கள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு, அதைத் தொடர்ந்து நாடெங்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, 12 வயதைத் தாண்டிய அனைவரும் புகைப்படமும் கைரேகையும் பதித்த அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய என் பாட்டிக்கு வாழ்நாளில் எடுக்கப்பட்ட முதல் படம் அந்த அட்டைக்காக எடுத்ததுதான். 'எடுத்துக்கொள்ளட்டுமா?' என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பிறர் ஊருக்குப் போகும்போது, கேட்கும் பழக்கத்தையும் கூடவே கொண்டு போக வேண்டும் என்று உளமார விரும்புகிறேன்.

நான் முதன்முதலில் தெருவில் படம் எடுத்தது சென்னைப் பாரிமுனையில், பூக்கடைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சந்தில். பேசுவது நம் மொழியாக இருந்தாலும், கடப்பிதழைக் காட்டிவிட்டு உள்ளே போன எனக்கு அது அயல்நாடுதான். ஓர் அம்மா தரையில் சாக்கு விரித்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, காம்போடு காம்பு சேர வைத்து, ஈரமான வாழைநாரை விரலால் ஒரு சுற்றுச் சுற்றி இழுப்பார். கண் கையைப் பார்ப்பதே இல்லை, வாய் பக்கத்துக் கடைக்காரரோடு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. நான் கேமராவை மறைக்காமல் நெஞ்சின் மேல் தொங்கவிட்டபடி நின்று, முதலில் இரண்டு முழம் பூ வாங்கினேன்.

"எங்கேர்ந்து வர்றே தம்பி?" என்று அவரே கேட்டார்.

"மலேசியாவிலிருந்து அக்கா. ஒரு படம் எடுத்துக்கலாமா?"

"எதுல போடுவே?"

"எதிலும் போடல அக்கா. எங்க ஊர்ல நாலு பேருக்குக் காட்டுவேன்."

அவர் நாரைக் கீழே வைத்தார், முந்தானையைச் சரிசெய்தார், நிமிர்ந்து உட்கார்ந்து கேமராவை நேராகப் பார்த்தார். கேட்டால் இயல்பு கெட்டுவிடும் என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பூ கட்டும் கை நின்றுவிட்டது. ஆனால் தாம் எப்படித் தெரிய வேண்டும் என்று அந்த அம்மா விரும்பினாரோ அந்தப் படம் எனக்குக் கிடைத்தது. அதை எடுத்து, திரையில் அவருக்குக் காட்டி, பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, போகாமல் அங்கேயே நின்றேன். சற்று நேரத்தில் ஒருவர் வந்து விலையைக் குறைக்கச் சொல்லி மன்றாட, அம்மாவுக்கு என் நினைவே போய்விட்டது. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை பூச்சரத்தை இழுத்து முழம் போடும் கையும், மடித்த ரூபாய் நோட்டை நீட்டும் கையும் ஒன்றையொன்று கடக்கும் நொடியில் இரண்டாவது படத்தை எடுத்தேன். கேட்டதனால் இரண்டு படங்கள் கிடைத்தன. அதற்குத் தேவைப்பட்டது அவகாசம் மட்டுமே. ஒரே நாளில் பத்து இடங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிறவர்களுக்கு அது வாய்க்காது. ஆகவே பயணத்தில் ஒரு காலைப்பொழுதையாவது ஒரே தெருவுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள்.

இனி, பக்கத்தில் நின்று எடுப்பதற்கான வழிமுறையைச் சொல்கிறேன். சினிமாவுக்குப் பயன்பட்ட 35 மில்லிமீட்டர் படச்சுருளை வைத்து, கைக்குள் அடங்குகிற லைக்கா கேமரா 1925இல் விற்பனைக்கு வந்த பிறகுதான் இந்தக் கலை வேகம் கொண்டது. தெருப் படங்களுக்குப் பெயர்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் தம் லைக்காவின் பளபளப்பை மறைக்கக் கறுப்பு நாடா ஒட்டினாரே, அது ஒளிவதாகாதா என்று கேட்கலாம். ஆனால் அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டாத 50 மில்லிமீட்டர் லென்ஸ். அதைக் கொண்டு ஒரு மனிதரின் முகபாவத்தைப் பிடிக்க வேண்டுமானால் சில எட்டுத் தூரத்தில் நின்றே ஆக வேண்டும். அங்கே நிற்பவரை யாரும் பார்க்காமல் இருக்க முடியாது.

புதிதாகத் தொடங்குபவருக்கு, அதைவிட அகலமாகக் காட்டும் 35 மில்லிமீட்டர் லென்ஸ் போதும் என்பேன். பழைய படச்சுருளின் சட்ட அளவுக்கே ஒளியுணரி உள்ள முழுச்சட்டக் கேமராவில், வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவை எஃப் 8இல் வைத்து, படம் தெளியும் தூரமான குவியத்தை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறத்தாழ 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். அதன்பின் கேமராவோடு மல்லுக்கட்டாமல் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நடப்பவர்கள் கலங்காமல் விழ, ஷட்டர் வேகம் ஒரு விநாடியில் 250இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும். நம் நிறத்து முகங்கள் வெளுத்த வானத்துக்கு முன்னே நிற்கும்போது கேமரா வானத்தின் வெளிச்சத்தைக் கணக்கிட்டு முகத்தை இருட்டாக்கிவிடும். அப்போது ஒளியளவை ஒரு படி கூட்டுங்கள். கைப்பேசியில் எடுப்பவர்கள் திரையில் முகத்தின் மேல் விரலை வைத்துவிட்டு எடுங்கள்.

இதையெல்லாம் பழகிப்பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை. நம் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில், அப்பம் பாலிக் என்ற மடிப்பு அப்பம் சுடுபவரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது குரல் நடுங்குவது அங்கேயே அடங்கிவிடும்.

போகும் நாட்டின் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெர்மனியில் ஒருவருடைய உருவப்படத்தை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 1907ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஊர்வலம், கூட்டம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 1898இல் அந்நாட்டின் முன்னாள் ஆட்சித்தலைவர் பிஸ்மார்க் இறந்து கிடந்த அறைக்குள் இரவோடு இரவாக இருவர் நுழைந்து படம் எடுத்ததனால் எழுந்த கொதிப்பே அந்தச் சட்டத்துக்கு வித்திட்டது. ஜப்பானின் கியோத்தோ நகரில், கெய்ஷாக்கள் எனும் மரபு ஆடல்பாடல் பெண் கலைஞர்களைப் பயணிகள் துரத்தித் துரத்திப் படம் எடுத்ததால், கியோன் பகுதியின் தனியார் சந்துகளில் அனுமதியின்றி எடுப்பவர்கள் 10,000 யென் கட்ட வேண்டும் என்று 2019இல் அறிவிப்புப் பலகை வைத்தார்கள். கேட்டு எடுத்திருந்தால் அந்தப் பலகைக்குத் தேவையே வந்திருக்காது.

யாராவது கையை ஆட்டி வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள். எடுத்த பிறகு அழிக்கச் சொன்னால், வாதாடாமல் அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள். தூங்குபவர், குடித்து விழுந்து கிடப்பவர், பிச்சைக்குக் கை நீட்டுபவர் ஆகியோரை நான் எடுப்பதில்லை. சம்மதம் சொல்லும் நிலையிலோ மறுக்கும் நிலையிலோ அவர்கள் இல்லை. குழந்தைகளை எடுப்பதற்குத் தாயோ தகப்பனோ தலையசைக்க வேண்டும்.

கேமரா கொண்டுவந்திருக்கும் பிள்ளைகள் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். 3 மீட்டர் என்பது எத்தனை எட்டு என்று தரையில் அளந்து காட்டுகிறேன். கேள்விகள் இருந்தால் அங்கேயே கேட்கலாம். நன்றி, வணக்கம்.