170 எழுதினேன், 162 வந்தது: கமடோர் 64 சூட்டில் தாங்குமா?

வணக்கம். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன், மேசை தெரியட்டும். இதுதான் போன வீடியோவில் சொன்ன கமடோர் 64, அந்தக் காலத்து வீட்டுக் கணினி. 1982-இல் வெளிவந்த மாடல், ஐரோப்பாவில் விற்ற 50 ஹெர்ட்ஸ் ரகம், உள்ளே பழைய போர்டு. விற்றவர் "நல்லா ஓடுது" என்று சொல்லி நீலத் திரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அவர் சொன்னது பொய் இல்லை. எனக்கும் ஆன் செய்தவுடன் அதே நீலத் திரைதான் வந்தது, மேலே 38911 பைட் காலி என்று அதே வரி. ஆனால் அந்த வரி எதைச் சொல்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஆன் ஆனதும் இந்த மெஷின் தன் நினைவகத்தைத் தானே ஒரு முறை சோதிக்கிறது. ஒவ்வொரு பைட்டாக ஒரு எண்ணை எழுதுகிறது, உடனே திரும்பப் படிக்கிறது, பிட்டுகளை, அதாவது பைட்டுக்குள் இருக்கும் எட்டு ஒன்று-பூஜ்யங்களை, புரட்டி இன்னொரு முறை பார்க்கிறது, சரியாக இருந்தால் அடுத்த பைட். எங்கே தப்பு வருகிறதோ அங்கே நிறுத்திவிட்டு, அதுவரை உள்ளதுதான் என் நினைவகம் என்று வைத்துக்கொள்ளும். அதனால் 38911 முழுதாக வந்தால் நல்லதுதான். ஆனால் இத்தனையும் இரண்டு மூன்று நொடியில், சிப் எல்லாம் சில்லென்று இருக்கும்போது நடந்து முடிந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறின பிறகு அதே சிப் எப்படி இருக்கும் என்று அந்த எண்ணுக்குத் தெரியாது.

சரி, அதற்கு முன்னால் பவர் சப்ளை. இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், கூடவே வந்த பழைய சப்ளையை நேராக மெஷினில் சொருகாதீர்கள். பல பழைய சப்ளைகளில் உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள், சூடு வெளியே போக வழி இல்லை, வருஷக்கணக்கில் அந்தச் சூட்டிலேயே வெந்த ரெகுலேட்டர் கெடும்போது 5 வோல்ட் என்பது கீழே இறங்காமல் மேலே ஏறிவிடலாம். ஏறினால் முதலில் போவது நினைவகச் சிப்தான். நான் புதுசாகச் செய்த சப்ளையைத்தான் போட்டிருக்கிறேன், அதையும் சும்மா மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து நம்பவில்லை, ஏனென்றால் சுமை இல்லாதபோது எந்த சப்ளையும் ஒழுங்காகத்தான் காட்டும். இதோ, இந்தச் செங்கல் மாதிரி வெள்ளை ரெசிஸ்டர், 5 ஓம், 10 வாட். 5 வோல்ட்டில் சரியாக ஒரு ஆம்பியர் இழுக்கும். ஒரு மணி நேரம் விட்டேன், ரெசிஸ்டரில் கை வைக்க முடியவில்லை, மீட்டர் 5.06-இலேயே நின்றது. 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் அசையாமல் இருந்தால் போதும்.

அப்புறம்தான் மெஷின். பின்னால் சொருகும் கார்ட்ரிட்ஜ் எதுவும் இல்லாமல், மெஷினுக்குள்ளேயே இருக்கும் பேசிக் என்ற நிரல்மொழியில் நாலு வரி எழுதினேன். நினைவகத்தில் 8192-ஆம் முகவரியில் இருந்து 40959 வரைக்கும் போக் என்ற எழுதும் கட்டளை போட்டு எல்லா இடத்திலும் 170, முழுக்க எழுதி முடித்த பிறகு முதலில் இருந்து பீக் என்ற படிக்கும் கட்டளை போட்டுப் படிப்பது, அடுத்த சுற்றில் 85. இந்த இரண்டு எண் எதற்கு என்றால், பைனரியில் ஒன்றும் பூஜ்யமும் மாறி மாறி வரும், அடுத்த சுற்றில் அப்படியே தலைகீழாகும். பேசிக் மெதுவானது, ஒரு சுற்று முடியச் சில நிமிடம் ஆகிறது. இங்கே அந்த மெதுவே நமக்கு உதவி, எழுதினதுக்கும் படிப்பதற்கும் நடுவில் இடைவெளி கிடைக்கிறது, அவ்வளவு நேரம் சிப் எண்ணை மறக்காமல் வைத்திருக்கிறதா என்று தெரியும். மேல் மூடியைப் போட்டே ஓட்டினேன், திறந்து வைத்தால் காற்று பட்டு எல்லாம் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

முதல் அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. 40 நிமிடம் தாண்டினதும் ஒரு வரி வந்தது: எழுதினது 170, படித்தது 162. கொஞ்ச நேரத்தில் வேறொரு முகவரி, அங்கேயும் 162. மூன்றாவதும் அதேதான்.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். 170-க்கும் 162-க்கும் வித்தியாசம் 8. எட்டு என்றால் பூஜ்யத்தில் இருந்து எண்ணி வரும் மூன்றாவது பிட். இந்தப் பழைய போர்டில் 4164 என்ற சிப் எட்டு இருக்கிறது, ஒவ்வொன்றும் பைட்டில் ஒரே ஒரு பிட்டை மட்டும் வைத்துக்கொள்ளும். அப்படியென்றால் முகவரி எங்கெங்கோ மாறினாலும் போகிற பிட் மாறவே இல்லை, எட்டில் ஒரு ஆள்தான் குற்றவாளி. பிட் ஒவ்வொரு தடவையும் மாறியிருந்தால் நான் நினைவகத்தை விட்டுவிட்டு மின்சாரத்தையும், எந்தச் சிப் எப்போது பேச வேண்டும் என்று தீர்மானிக்கும், எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்கும் பிஎல்ஏ சிப்பையும் பார்த்திருப்பேன். போர்டில் யு10 என்று போட்ட இடம்தான் மூன்றாவது பிட். மூடியைத் திறந்து அதன் மேல் மட்டும் குளிர் ஸ்ப்ரே அடித்தேன், தப்பு நின்றது. சூடேறினதும் மறுபடி வந்தது. கழற்றி எடுத்து, சாக்கெட் வைத்து, வேறொரு 4164 போட்டாகிவிட்டது. அவசரப்பட்டு இழுத்தால் போர்டில் உள்ள செப்புக் கோடு பிய்ந்து வரும், ஈயம் முழுக்க உறிஞ்சின பிறகு சிப் தானாக ஆட வேண்டும், அதுவரை பொறுங்கள்.

ஆன் செய்தால் கறுப்புத் திரை மட்டும் வருகிற மெஷின் என்றால் பேசிக் எழுதவே வழியில்லை. அதற்கு டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது, திரை எத்தனை தடவை மின்னுகிறதோ அதை வைத்து எந்தச் சிப் என்று கண்டுபிடிக்கலாம்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது தெரியாமல் நல்ல சிப்பைக் கழற்றினவர்கள் இருக்கிறார்கள். மெஷினின் திறமையைக் காட்டவே எழுதும் டெமோ நிரல்கள் சில, விஎஸ்பி என்ற தந்திரத்தால் திரையை நகர்த்தும், சில மெஷின்கள் அதில் மட்டும் தொங்கிவிடும், சூட்டைப் பொறுத்து சில நாள் தொங்கும், சில நாள் தொங்காது. ஸ்வீடனைச் சேர்ந்த லீனுஸ் ஓகெசொன் 2013-இல் இதற்குக் காரணத்தை விளக்கினார். வீடியோ சிப் தப்பான கணத்தில் முகவரியை மாற்றுவதால் நினைவகம் குழம்புகிறது, பதினாறடிமானத்தில் 7-இலோ எஃப்-இலோ முடியும் முகவரிகள்தான் கெடும். அங்கே மட்டும், அந்தத் தந்திரம் ஓடும்போது மட்டும் கெடுகிறதென்றால் சால்டர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுங்கள்.

இப்போது ஆறாவது மணி நேரம் ஓடுகிறது, மூடி போட்டுத்தான் இருக்கிறது, திரையில் சுற்று எண்ணைத் தவிர எதுவும் இல்லை. ராத்திரி முழுக்க விடப்போகிறேன். உங்கள் மெஷினில் எழுதினது எவ்வளவு, படித்தது எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் கீழே போடுங்கள், எந்தச் சிப் என்று சேர்ந்தே பார்க்கலாம்.