தலைவலியும் காய்ச்சலும்: ஒரு கல்லூரிக் கண்காட்சியில் பேசியது

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களே, முதல்வர் அம்மா அவர்களே, துறைத் தலைவர்களே, மேடையில் இடம் போதாமல் முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே (அழைப்பிதழில் உங்கள் பெயர் விட்டுப்போனதை இப்போதுதான் காதில் சொன்னார்கள், பொறுத்துக்கொள்ள வேண்டும்), ராத்திரி முழுக்க சால்டரிங் செய்துவிட்டுத் தூக்கக் கண்ணோடு உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். குழுவாக வேலை செய்வது, பயன்படுத்துகிறவரிடம் கேட்பது, கேட்டதை எழுதி வைப்பது. நேரம் கொஞ்சம்தான், அதிலும் பொன்னாடை போர்த்தியதில் பாதி போய்விட்டது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும். இதை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் இறங்கியதில்லை, இன்றைக்கும் விடப்போவதில்லை.

2007-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பு. குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கிற இன்குபேட்டரை மிக மலிவாகச் செய்து காட்டுங்கள் என்று நாலு மாணவர்களிடம் கொடுக்கிறார்கள். எம்.பி.ஏ. படிக்கிறவர் ஒருவர், கணினிக்காரர் ஒருவர், மின்பொறியியல்காரர் ஒருவர், இப்படிக் கலவையான குழு. நம் ஊராக இருந்தால் என்ன செய்வோம்? மோட்டாரை மாற்று, தகரத்தை மாற்று, விலையைக் குறை, வைவாவுக்குப் போ. அவர்களில் லைனஸ் லியாங் என்ற மாணவர் நேபாளத்துக்கே போனார். மருத்துவமனையில் போய்ப் பார்த்தால் இன்குபேட்டர்கள் காலியாகக் கிடக்கின்றன! குழந்தைகளோ எங்கோ மலைக்கிராமத்தில் பிறக்கின்றன, இங்கே வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. திரும்பி வந்து சொன்னார். மற்றவர்களும் அதைக் காதில் வாங்கி, எடுத்த வேலையையே மாற்றினார்கள். குழு என்றால் அதுதான், முதல் விஷயம் முடிந்தது.

இன்குபேட்டர் போய்ப் பை வந்தது. குழந்தையைப் படுக்க வைக்கிற சின்னப் பை, உள்ளே மெழுகு மாதிரி ஒரு பொருள், ஒருமுறை சூடேற்றினால் சில மணி நேரம் 37 டிகிரியிலேயே நிற்கும். அதையும் தூக்கிக்கொண்டு இந்தியக் கிராமத்துக்கு வந்தார்கள். அங்கே ஒரு தாய் சொன்னது: இங்கிலீஷ் மருந்து வீரியம் அதிகம், டாக்டர் ஒரு கரண்டி கொடு என்றால் நாங்கள் அரைக் கரண்டிதான் கொடுப்போம். அப்படியானால் 37 வை என்றால்? எதற்கும் இருக்கட்டும் என்று 30-தான் வைப்பாராம்! (சிரிப்பு) சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. அதனால் சூட்டைக் காட்டுகிற எண்களையே குழுவினர் எடுத்துவிட்டார்கள். சரியா, சரியில்லையா என்று மட்டும் காட்டும்படி மாற்றினார்கள். எந்த ஆய்வகத்தில் உட்கார்ந்து யோசித்தாலும் இது தோன்றியிருக்குமா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே!

நம் பிள்ளைகள் யாரிடம் கேட்கிறார்கள்? ஹாஸ்டல் ரூம்மேட்டிடம். அவன் "சூப்பர் மச்சான்" என்பான், அது "பயனர் கருத்து" என்று ரிப்போர்ட்டில் ஏறிவிடும். ஏன் என்றால் வேறு ஆளைப் பார்க்க இடம் இல்லை. பென்ஷன்காரர், இல்லத்தரசி, தேர்வுக்குப் படிக்கிற பையன், பேப்பர் பார்க்க வருகிற ஆட்டோக்காரர், எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ் வருகிற இடம் நம் கிளை நூலகம். அதைத்தான் நீங்கள் கல்லூரி விட்டு வருகிற நேரத்துக்குள் பூட்டிவிடுகிறார்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரானவர், 1931-லேயே எழுதினார்: வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. பயன்படுத்துகிறவரை மனதில் வைத்துப் பொருளை வடிவமைப்பது, உங்கள் பாடத்தில் இன்று சொல்கிற யூசர் டிசைன், எல்லாம் அதற்குள் இருக்கிறது. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கட்டுகிறவனுக்குக் கதவு திறக்க வேண்டாமா? உறுப்பினர் அவர்கள் தலையாட்டுகிறார்கள், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள், நாளைக்கு மறுக்க முடியாது.

மூன்றாவது விஷயம்... சரி, தாளாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார், அதை அடுத்த வருடம் கூப்பிட்டால் சொல்கிறேன். நூலகத்தை இரவு எட்டு மணி வரை திறக்கச் சொல்லும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பிடப் போகும்முன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், பேனா நானே வைத்திருக்கிறேன், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.