மோட்டார் மட்டும் அமைப்பா, கிணறும் சேர்ந்ததா?

அன்னூர்ப் பக்கத்திலிருந்து, பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பல உறுப்புகள் சேர்ந்தது சிஸ்டம், அதாவது அமைப்பு, என்று போன வகுப்பில் சொன்னீர்கள். அப்படியென்றால் உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடக்கும் உதிரி பாகங்களையும் சிஸ்டம் என்று சொல்லலாமா?”

சொல்ல முடியாது, தம்பி. நான் அன்று கொடுத்த விளக்கம் பாதிதான். மீதியை இந்தக் கேள்வி கேட்டு வாங்குகிறது. பழைய இரும்புக் கடைக் குவியலிலிருந்து ஒரு பல்சக்கரத்தை உருவி எடுத்தால், குவியல் ஒரு பல்சக்கரம் குறைந்த குவியலாக இருக்கும். மற்றப் பாகங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. வீட்டில் இருக்கும் கிரைண்டரில் பெல்ட்டை மட்டும் கழற்றிப் பாருங்கள். மோட்டார் சுற்றும், கல்லுக்கும் ஒரு குறையும் இருக்காது, ஊற வைத்த அரிசியும் உள்ளேயே இருக்கும்; மாவுதான் வராது. ஒன்றில் நேர்வது இன்னொன்றைத் தொடுமாறு உறுப்புகள் பிணைந்திருந்து, தனித்தனியே எந்த உறுப்பாலும் செய்ய முடியாத ஒரு வேலையை அவை சேர்ந்து செய்யுமானால், அதையே அமைப்பு என்கிறோம்.

பிணைப்பு என்றவுடன் பெல்ட்டும் போல்ட்டும் மட்டுமே நினைவுக்கு வரும். செய்தியும் ஒரு பிணைப்புதான். சோமனூர்ப் பக்கம் ஓடுகிற விசைத்தறியில், நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் நாடா, அதாவது குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை, இங்குமங்கும் பாய்கிறது. அந்தக் குறுக்கு நூலாகிய ஊடை நூல் அறுந்துவிட்டால் தறி தானாகவே நின்றுவிடும். தறியின் ஓரத்தில் முள் போன்ற ஒரு சிறு கம்பி இருக்கிறது. நெய்யும்போது ஊடை நூல் அந்தக் கம்பியைத் தள்ளிச் சாய்க்கும், சாய்ந்ததால் அதன் பின்பக்கக் கொக்கி மேலே எழும்பி, கீழே அசைந்துகொண்டிருக்கும் சுத்தியலில் சிக்காமல் தப்பும். நூல் இல்லையென்றால் கம்பி சாயாது; கொக்கி சுத்தியலில் மாட்டும்; சுத்தியல் இழுக்கும் இழுப்பில் தறியின் கைப்பிடி விடுபட்டு ஓட்டம் நிற்கும். நூல் ‘வரவில்லை’ என்பதே இங்கே தறிக்குப் போய்ச் சேரும் செய்தி. இதை முதன்முதலில் ஒரு தறிக்குடோனில் பக்கத்தில் நின்று பார்த்தபோது, ஒரு மெல்லிய நூலின் இன்மை இவ்வளவு பெரிய இரும்பை நிறுத்துகிறதே என்று எனக்கு மெய்சிலிர்த்துப் போயிற்று. 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தில் பொருத்திய சுழலும் இரட்டைக் குண்டுகளும் இந்த வகைதான்: வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவி வழியைக் குறுக்கும், வேகம் குறைந்தால் திறக்கும்.

இனி, செய்தி போய்ச் சேராத அமைப்பு என்ன ஆகும் என்பதற்கு எங்கள் குடும்பத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். பல்லடம் பக்கம் என் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, தென்னந்தோப்பு இருந்தது. போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், ஏழரை ஹெச்.பி. நீர்மூழ்கி மோட்டார் போட்டிருந்தார். ஒரே கோடையில் மூன்று தடவை மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், எரிந்தது. ஒவ்வொரு தடவையும் மோட்டாரை மேலே ஏற்றி, காயில் கட்டி, மறுபடியும் இறக்கினார்கள். காயில் கட்டியவர் வேலையில் குறை இல்லை. ஸ்டார்ட்டரில், கரண்டு அளவுக்கு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே இருந்தது, அதையும் கழற்றிச் சோதித்தார்கள், அதிலும் குறை இல்லை. அப்படியானால் எரிவது ஏன்?

நான்காம் தடவை இறக்கியபோது வந்த எலக்ட்ரீசியன் கரண்டை அளக்கும் டாங் டெஸ்டர் ஒன்றை வயரில் கவ்வ வைத்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தொடக்கத்தில் 12 ஆம்பியர் காட்டியது. இருபது நிமிடம் கழித்து, தொட்டியில் விழும் தண்ணீர் விட்டுவிட்டு வர, முள் 7-க்கு இறங்கியது. காரணம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. போரில் தண்ணீர் வற்றிவிட்டால் பம்புக்குச் சுமை குறைகிறது. சுமை குறைந்தால் மோட்டார் இழுக்கும் கரண்டும் குறைகிறது. ஓவர்லோடு ரிலேவுக்குக் கரண்டு கூடினால் மட்டுமே தெரியும். குறைந்தால் எல்லாம் நலம் என்றே அது இருந்துவிடும். நீர்மூழ்கி மோட்டாரோ தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரால்தான் குளிர்கிறது. அந்தத் தண்ணீர் இல்லாமல் ஓடியதில் உள்ளே சூடேறிக் காயில் கருகியது. ஒவ்வொரு உறுப்பும் தனக்கு விதித்ததைச் சரியாகவே செய்தது. தண்ணீர் இல்லை என்ற செய்திக்கு மட்டும் வழியே இல்லாமல் இருந்தது. கரண்டு குறைந்தாலும் மோட்டாரை நிறுத்துகிற டிரை ரன் கருவி ஒன்றை அதன் பிறகு பொருத்தினார்கள். மோட்டார் எரிவது நின்றது.

ஆனால் இருபது நிமிடத்தில் நின்றுவிடுகிற மோட்டாரை வைத்துத் தென்னைக்குத் தண்ணீர் கட்ட முடியாது. ஆகவே நாங்கள் வரைந்து வைத்திருந்த எல்லை போதவில்லை. மோட்டார், ஸ்டார்ட்டர், குழாய் ஆகியவற்றைச் சுற்றி ஒரு கோடு போட்டு இதுதான் அமைப்பு என்று பார்த்தால், பழுது எங்கும் இல்லை. நம் கொங்குச் சீமை பெரும்பாலும் கெட்டிப் பாறை நிலம். தண்ணீர் பாறையின் விரிசல்களில்தான் நிற்கிறது. தெற்குத் தோட்டத்துக்காரர் அந்த வருடம் தம் போரை இன்னும் ஆழப்படுத்தியிருந்தார். இரண்டு தோட்டமும் ஒரே விரிசலில் இருந்து இழுத்துக்கொண்டிருந்தன. அவர் மோட்டார் ஓடும்போது எங்கள் போரில் மட்டம் இறங்கும், நிறுத்தினால் மெல்ல ஏறும். கயிற்றில் கல் கட்டி இறக்கி, இரண்டு நாள் இதை அளந்து பார்த்தோம். இரண்டு வீட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்த காலம் அது; ஆனாலும் பாறைக்கு அடியில் இரண்டு மோட்டாரும் ஒரே அமைப்பின் உறுப்புகளாக இருந்தன.

இங்கேதான், தம்பி, உங்கள் பாடத்தில் வரும் ‘சிஸ்டத்தின் எல்லை’ என்ற சொல் முக்கியமாகிறது. எல்லை பொருளில் கோடாகப் போட்டு வருவதில்லை. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோமோ அதற்குத் தக்கபடி நாம் வரைந்துகொள்வது. காயில் ஏன் எரிகிறது என்று கேட்டால் தண்ணீர் மட்டம் வரை வரைய வேண்டும். தென்னை ஏன் காய்கிறது என்று கேட்டால் பக்கத்துத் தோட்டம் வரை வரைய வேண்டும்.

அப்புச்சியே தெற்குத் தோட்டத்துக்காரர் வீட்டுக்கு நேரில் போய்ப் பேசினார். அவர் காலையில் ஓட்டுவது, நாங்கள் மாலையில் ஓட்டுவது என்று முறை வைத்துக்கொண்டார்கள். அந்தக் கோடையில் எங்கள் மோட்டார் ஒரே ஓட்டமாக இரண்டு மணி நேரம் ஓடியது.