கணக்குப் பார்ப்பதற்கு முன்னால்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, மணி எட்டரை ஆகியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். பட்டிமன்றம் என்றால் முதலில் ஒரு குறள் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் பேசியவர்கள் ஆளுக்கு நாலு சொல்லிவிட்டதால் என் பங்கும் அதிலேயே அடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"மனித இயல்பில் விஞ்சி நிற்பது சுயநலமா, மனிதாபிமானமா?" என்பது தலைப்பு. மனிதாபிமானமே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி நண்பர் மூன்று சாட்சிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். 2015 சென்னை வெள்ளத்தில் ஒரு பால் பாக்கெட்டை 100 ரூபாய்க்கு விற்றார்களே, அது ஒன்று. நியூயார்க்கில் ஒரு பெண்ணைக் குத்திக் கொன்றபோது 38 பேர் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்களாம், அது இரண்டு. அமெரிக்கக் கல்லூரிப் பையன்களைப் பொய்ச் சிறையில் காவலர்களாக நிறுத்தியதும் ஒரே வாரத்தில் கொடுமைக்காரர்கள் ஆகிவிட்டார்கள், அது மூன்று. நல்ல கைதட்டல் விழுந்தது. நானும் தட்டினேன். அவர் சொன்ன விதம் அப்படி.

சிறைக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. 1971இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்தது. இரண்டு வாரம் என்று திட்டமிட்டு ஆறே நாளில் நிறுத்தினார்கள். ஆனால் காவலர் ஒருவரிடம் "இன்னும் கறாராக இரு" என்று ஆய்வுக் குழுவில் இருந்தவரே வற்புறுத்திய ஒலிப்பதிவு பிற்பாடு வெளியே வந்தது. சொல்லிக்கொடுத்துச் செய்ய வைத்த ஒன்றை இயல்பு என்று எப்படி ஐயா ஒப்புக்கொள்வது? நாடகத்தில் வில்லன் வேஷம் கொடுத்துவிட்டு, பாருங்கள் இவன் எவ்வளவு கெட்டவன் என்பது போல இருக்கிறது.

அந்த 38 பேர் கதைதான் முக்கியம். அரை நூற்றாண்டாகப் பாடப் புத்தகங்களிலேயே உட்கார்ந்திருந்த கதை அது. 1964 மார்ச் 13, நியூயார்க்கின் க்வீன்ஸ் பகுதி, விடிகாலை மூன்று மணி தாண்டியிருக்கிறது. வேலை முடிந்து வீடு திரும்பிய கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண்ணை ஒருவன் கத்தியால் குத்துகிறான். இரண்டு வாரம் கழித்து ஒரு பெரிய நாளேடு, 38 பேர் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தார்கள் என்று எழுதியது. ஊரே தலைகுனிந்தது.

நடந்தது என்ன? மாடியிலிருந்து ஒருவர் "அவளை விடு" என்று கத்தினார். குத்தியவன் ஓடிப்போனான். அந்தப் பெண் எழுந்து கட்டடத்தின் பின்பக்கம் நடந்தாள். திரும்பி வந்து அவன் மறுபடி குத்தியது அங்கே, ஒரு வாசல் நடைக்குள். தெருவைப் பார்த்த ஜன்னல்களிலிருந்து அது தெரியாது. பலருக்குக் கேட்டது ஒரு கூச்சல் மட்டும்தான். அந்த நேரத்துக் கூச்சலைக் குடிகாரச் சண்டை என்றுதானே நாமும் நினைப்போம்? பார்த்தும் ஒதுங்கிக்கொண்டவர்கள் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் விஷயம் காதில் விழுந்ததும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி படியிறங்கி ஓடினாள். கத்திக்காரன் அங்கேயே இருக்கிறானா, போய்விட்டானா, அவளுக்குத் தெரியாது. ரத்தத்தில் கிடந்தவளை மடியில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குத்தியவன் 2016இல் சிறையில் இறந்தபோது, பழைய செய்தி பிழையானது என்று அதே நாளேடு எழுதியது. வேடிக்கை பார்த்ததாகச் சொன்ன 38 பேரை உலகத்துக்கே தெரியும். ஓடிவந்த ஒருத்தியை நம் எதிரணி நண்பருக்குக்கூடத் தெரியவில்லை.

அது ஒரு சம்பவம்தானே என்பீர்கள். சரி, எண்ணிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், இங்கிலாந்தின் லங்காஸ்டர், இந்த மூன்று ஊர்த் தெருக் கேமராக்களில் பதிவான 219 சண்டைகளை ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தது. பத்தில் ஒன்பது சண்டைகளில் சம்பந்தமே இல்லாத ஒருவராவது உள்ளே புகுந்து விலக்கிவிட்டிருக்கிறார். நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் கேமரா வைத்துப் பார்த்தால் இன்னும் கூடத்தான் வரும் என்பது என் சொந்தக் கணிப்பு. இங்கே விலக்கிவிட வருபவர்களே தனிச் சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்குக் கூட்டம் சேரும்.

"உதவுவதும் பேருக்காகத்தான், புண்ணியத்துக்காகத்தான்" என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஒரு போடு போட்டார். பேர், புண்ணியம் இரண்டும் தெரியாத ஓர் ஆளைக் கூப்பிடுகிறேன். வயது 18 மாதம். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் வார்னக்கன், தோமசெல்லோ என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு. ஒருவர் கொடியில் துணி காயப்போடுகிறார். கிளிப் கீழே விழுகிறது. கையை நீட்டுகிறார், எட்டவில்லை. "எடுத்துக் கொடு கண்ணா" என்றெல்லாம் கெஞ்சவில்லை. மூலையில் இருக்கும் குழந்தை அந்தக் கையைப் பார்க்கிறது, கிளிப்பைப் பார்க்கிறது, தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுக்கிறது. 24 குழந்தைகளில் 22 பேர் இப்படி ஒரு தடவையாவது உதவினார்கள். அதே ஆள் கிளிப்பை வேண்டுமென்றே வீசியபோது குழந்தைகள் அப்படி எடுக்கப் போகவில்லை. கீழே கிடக்கும் பொருள் மேல் ஆசைப்பட்டுப் போனவர்கள் இல்லை, அந்த ஆளின் அவஸ்தையைப் பார்த்துப் போனவர்கள்.

இன்னொன்று கேளுங்கள், எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அடுத்து ஒரு சோதனையில், உதவிய சில குழந்தைகளுக்குப் பரிசு கொடுத்துப் பழக்கினார்கள். பிறகு பரிசை நிறுத்தியதும் அந்தக் குழந்தைகள் உதவுவது குறைந்துவிட்டது. பரிசே வாங்காத குழந்தைகள் பாட்டுக்கு உதவிக்கொண்டே இருந்தார்கள். ஆக, சுயநலம் எங்கிருந்து வந்தது ஐயா? நாம் ஊட்டிவிட்டது. எதிரணியினர் சுயநலத்தோடு பிறக்கவில்லை. யாரோ மிட்டாய் கொடுத்துக் கெடுத்திருக்கிறார்கள்.

மிச்சம் இருப்பது அந்தப் பால் பாக்கெட். ஆமாம், 100 ரூபாய்க்கு விற்றார்கள். அதே நாட்களில் மீனவர்கள் படகைக் கொண்டுவந்து தெருத் தெருவாக ஆள் ஏற்றினார்கள். "எங்கள் வீட்டில் நாலு பேர் தங்கலாம்" என்று முன்பின் தெரியாதவர்களுக்குத் தங்கள் முகவரியையும் போன் நம்பரையும் ஃபேஸ்புக்கில் போட்டார்கள். பள்ளிவாசல்கள் கதவைத் திறந்துவிட்டன.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்போது ஜாபர்கான்பேட்டையில் தரைத்தள வீடு, அடையாற்றங்கரைக்குப் பக்கத்திலேயே. மேல்வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம் தண்ணி மோட்டார். யார் போடுவது, யார் அணைப்பது, கரண்ட் பில் யார் கணக்கு என்று வாய்த்தகராறு முற்றி, படியில் எதிரே வந்தால்கூட சுவரைப் பார்த்துக்கொண்டு போவோம்.

டிசம்பர் 1 ராத்திரி தண்ணீர் வாசற்படி ஏறியது. கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம், நடக்க முடியாது. கட்டில் கால் முங்கிக்கொண்டிருக்கிறது, நான் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறேன். கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு அவர் இறங்கி வந்தார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அம்மாவிடம்தான் பேசினார். "இதுல உக்காருங்கம்மா, பின்னாடி சாஞ்சுக்கோங்க, பயப்படாதீங்க." முன்கால் இரண்டையும் அவர் பிடித்தார், பின்கால் நான். அவர் மகள் எமர்ஜென்சி விளக்கைக் காட்டிக்கொண்டு முன்னால் ஏறினாள். திருப்பத்தில் நாற்காலி கைப்பிடிச் சுவரில் மாட்டி, அதை விடுவிக்கிற வரைக்கும் மொத்தக் கனத்தையும் அவரே தாங்கினார். மேலே போய் அவர் சட்டையைக் கழற்றியபோதுதான் பார்த்தேன், இடுப்பில் பெல்ட். டிஸ்க் பிரச்சினையாம், ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம்.

மூன்று நாள் அவர்கள் வீட்டு உப்புமாதான் சாப்பிட்டோம். ஜனவரியில் மோட்டார் சண்டை மறுபடி ஆரம்பித்துவிட்டது.

"பார்த்தீர்களா, அவ்வளவுதான் மனிதாபிமானம்" என்று எதிரணியில் ஒருவர் சிரிக்கிறார். ஐயா, ஒரு மாசம் யோசிக்க நேரம் கிடைத்ததும் 80 ரூபாய் பில்லுக்கு என்னோடு சண்டை போட்டவரும், யோசிக்க நேரமே இல்லாத ராத்திரியில் இடுப்பை மறந்து படியிறங்கியவரும் ஒரே ஆள்தான். இதில் எது இயல்பு, எது பழக்கம் என்று நடுவர் ஐயா சொல்லட்டும்.

மணி அடித்துவிட்டது. எதிரணிக்கு உதவியாக ஒரே ஒரு ஆதாரத்தை மட்டும் நானே கொடுத்துவிட்டுப் போகிறேன். அந்த நாற்காலி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, நான் திருப்பிக் கொடுக்கவில்லை. வணக்கம்.